இறுகிப்போன நட்டுகளை உடைக்காமல் கழற்றுவது எப்படி?

பாசன எஞ்சின், டிராக்டர், பழைய ஜீப்பு, கார் ஆகியவற்றைப் பழுது பார்க்கும்போது ஆகும் செலவில் ஒரு பகுதி பழுதான பாகத்தினால் ஏற்படுவதன்று. அப்பாகத்தைக் கழற்றும்போது உடைபடும் நல்ல பாகத்தினால் ஏற்படுவது ஆகும். தண்ணீர் பம்பின் கேஸ்கட் கிழிந்தால் அதன் விலை சொற்பம். அதனை மாற்ற முயலும்போது, இறுகிப்போன போல்ட்டு ஒன்று எஞ்சின் உடம்பிற்குள்ளேயே ஒடிந்துவிட்டால், எஞ்சினை இறக்கி லேத்துப் பட்டறைக்குக் கொண்டு செல்ல வேண்டியதாகிறது. கதிர் வாங்கும் பருவத்தில் பயிர் தண்ணீருக்குக் காத்திருக்கும்போது நான்கு நாள் தாமதம் என்பது சிறிய இழப்பன்று.

இறுகிய மரையைக் கழற்றுவதற்கு உடல் வலிமையைவிட முறையும் பொறுமையுமே தேவை. துருவை நீக்குதல், ஊறவைத்தல், தட்டுதல், சூடாக்குதல், திருப்புதல் என்ற வேலைகளை வரிசையாகச் செய்தால் பெரும்பாலான நட்டுகள் உடையாமல் வந்துவிடும். இவ்வேலைகளை உழவர்கள் தங்கள் வீட்டிலேயே செய்து கொள்ளலாம்.

கொரட்டூர் வட்டாரம்

சென்னையின் மேற்குப் பகுதியில் உள்ள கொரட்டூர் ஒரு காலத்தில் ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த ஊர். இன்று அதனைச் சுற்றித் தொழிற்சாலைகளும் பட்டறைகளும் நிறைந்துள்ளன. 1949-ல் தொடங்கப்பட்ட டி.ஐ. சைக்கிள் நிறுவனத்தின் தொழிற்சாலை அம்பத்தூரில் அமைந்தது. 1964-ல் அம்பத்தூர் தொழிற்பேட்டை உருவாயிற்று. கொரட்டூரை அடுத்த பாடியில் 1966-ல் சுந்தரம் பாஸ்னர்ஸ் நிறுவனம் வாகனங்களுக்கான உயர்தர போல்ட்டு, நட்டு வகைகளைத் தயாரிக்கத் தொடங்கியது.

போல்ட்டு தயாராகும் இதே வட்டாரத்தில்தான் 2015 டிசம்பர் பெருமழையின்போதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் வீதிகளில் வெள்ளம் தேங்கியது. வெள்ளத்தில் நின்ற வாகனத்தின் மரைகளில் துரு ஏற அதிக நாள் தேவையில்லை. கிணற்று மேட்டில் மழையிலும் வெயிலிலும் கிடக்கும் பாசன எஞ்சினுக்கும் இதே நிலைதான். எஞ்சின் எங்கே இருந்தாலும் மரை இறுகும் விதம் ஒன்றே ஆகும்.

ஏன் இறுகுகிறது?

1. துரு: இரும்பு துருவாக மாறும்போது அதன் பருமன் இரண்டு மடங்கிற்கும் மேலாகப் பெருகுகிறது. நட்டுக்கும் போல்ட்டுக்கும் இடையே உள்ள நுண்ணிய இடைவெளியில் துரு நிரம்பியதும் அது ஆப்பு அடித்தது போல் ஆகிவிடுகிறது.

2. இரு உலோகச் சேர்க்கை: அலுமினியப் பாகத்தில் எஃகு போல்ட்டு பூட்டப்பட்டு ஈரம் படும்போது, அலுமினியம் அரிக்கப்பட்டு வெள்ளைத் தூளாகிறது. தண்ணீர் பம்பு, தெர்மோஸ்டாட் மூடி ஆகிய இடங்களில் இதனை அதிகம் காணலாம். இங்கு மரை மட்டுமின்றி போல்ட்டின் தண்டு முழுவதுமே துளையோடு ஒட்டிக்கொள்கிறது.

3. சூடும் கரியும்: புகைக் குழாயைப் பிடித்திருக்கும் நட்டுகள் நாள்தோறும் சூடாகி ஆறுவதால் எண்ணெய்ப் பசை எரிந்து கரியாகிறது, இரும்பும் செதிலாக உரிகிறது. எஞ்சினில் மிகக் கடினமாக இறுகுபவை இவையே.

4. அளவுக்கு மீறிய முறுக்கு: சென்ற முறை பூட்டியவர் குழாய் மாட்டி முறுக்கியிருந்தால் மரை நீண்டு நசுங்கியிருக்கும்.

காரணம் எது என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். துருவுக்கு எண்ணெய் நன்கு பயன்படும். வெள்ளைத் தூளுக்கும் கரிக்கும் சூடே சிறந்தது.

ஸ்பானரை எடுப்பதற்கு முன்

கம்பி பிரஷ்ஷினால் வெளியே தெரியும் மரையை முழுவதும் சுத்தம் செய்யுங்கள். நட்டுக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் மரையில் பெயிண்டும் துருவும் இருந்தால், நட்டு அதன் மேல் ஏறி வரும்போது மீண்டும் இறுகும்.

அடுத்து, ஸ்பானரின் அளவு. ஆங்கிலேய வடிவமைப்பைப் பின்பற்றிய அம்பாசிடர், ஸ்டாண்டர்டு ஹெரால்டு போன்ற பழைய கார்களில் அங்குல அளவு நட்டுகள் உள்ளன. இத்தாலிய பியட் வழிவந்த பிரீமியர் பத்மினியில் மில்லிமீட்டர் அளவு. அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீட்டர். அதில் 13 மி.மீ. ஸ்பானரை மாட்டினால் பொருந்துவது போலத் தோன்றும். ஆனால் 0.3 மி.மீ. இடைவெளி இருப்பதால், இறுகிய நட்டின் மூலைகள் மழுங்கிவிடும். 9/16 அங்குலம் 14.3 மி.மீ. ஆகும். அதில் 14 ஏறாது, 15 ஆடும். 3/4 அங்குலத்திற்கு 19 மி.மீ. ஸ்பானர் ஏறத்தாழச் சரியாகப் பொருந்தும். இறுகிய நட்டிற்கு இருபக்கம் மட்டும் பிடிக்கும் திறந்த ஸ்பானரைப் பயன்படுத்தக் கூடாது. ஆறு முனை கொண்ட பாக்ஸ் ஸ்பானரோ ரிங் ஸ்பானரோ அவசியம்.

திருப்ப வேண்டிய திசையையும் உறுதி செய்துகொள்ளுங்கள். பெரும்பாலான மரைகள் இடப்புறம் திருப்பினால் கழலும். ஆனால் சைக்கிளின் இடது பெடலில் மரை எதிர்த் திசையில் வெட்டப்பட்டிருப்பதை நீங்கள் அறிவீர்கள். அதுபோன்ற மரை சில வாகனங்களின் இடப்பக்கச் சக்கர நட்டுகளிலும், சாணைக்கல் எந்திரத்தின் இடப்பக்க நட்டிலும் உண்டு. வெளியே நீட்டியுள்ள மரையின் சாய்வைப் பார்த்தால் இது விளங்கும். திசை தெரியாமல் பலம் கொடுப்பதே பல போல்ட்டுகள் ஒடியக் காரணமாகிறது.

ஊறவைத்தல்

துருவை இளக்கும் எண்ணெய் ஸ்பிரே டப்பாக்களில் கடைகளில் கிடைக்கிறது. அது இல்லாவிட்டால் டீசலையோ மண்ணெண்ணெயையோ சம அளவு மெல்லிய எஞ்சின் எண்ணெயுடன் கலந்து பயன்படுத்தலாம். நல்லெண்ணெய் போன்ற சமையல் எண்ணெய்களை ஊற்ற வேண்டாம். அவை நாளடைவில் காய்ந்து பிசினாகிவிடும்.

எண்ணெயை ஒரே முறையில் நிறைய ஊற்றுவதால் பயனில்லை. காலை, மாலை எனச் சில சொட்டுகள் வீதம் இரண்டு மூன்று நாள் விட வேண்டும். நட்டு பக்கவாட்டில் இருந்தால், எண்ணெயில் நனைத்த துணியை அதன் மீது சுற்றிக் கட்டி வையுங்கள். வேலையை ஞாயிற்றுக்கிழமை செய்வதாக இருந்தால் வியாழக்கிழமையே எண்ணெய் விடத் தொடங்குவது நல்லது.

தட்டுதல்

எண்ணெய் உள்ளே இறங்க வேண்டுமானால் துரு வெடிக்க வேண்டும். போல்ட்டின் தலைமீது பித்தளைக் கட்டையையோ தடித்த கம்பியையோ வைத்து, நடுத்தரச் சுத்தியலால் நேராகப் பத்துப் பதினைந்து முறை தட்டுங்கள். நட்டாக இருந்தால் அதன் ஒரு பக்கத்தில் கனமான இரும்பைத் தாங்கலாக வைத்து, எதிர்ப்பக்கத்தில் தட்டுங்கள். வலுவான ஒரே அடியைவிடச் சீரான பல அடிகளே பயன் தரும். ஸ்டட்டின், அதாவது இருமுனையிலும் மரையுள்ள தண்டின், நுனியில் நேரடியாக அடித்தால் மரை நசுங்கிவிடும். வார்ப்பிரும்பின் மெல்லிய காது, அலுமினிய மூடி ஆகியவற்றின் மீது அடி படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தட்டிய பின் மீண்டும் எண்ணெய் விட வேண்டும்.

திருப்புதல்: கை உணர்த்தும் செய்தி

முதலில் கழற்றும் திசையில் திருப்பாமல், இறுக்கும் திசையில் மிகச் சிறிதளவு திருப்பிப் பாருங்கள். துருவின் பிடி விடுபட இது உதவும். பிறகு கழற்றும் திசையில் மெதுவாகப் பலம் கொடுங்கள்.

"கிரீச்" அல்லது "டக்" என்ற ஓசையுடன் நட்டு அசைந்தால் துரு விட்டது என்று பொருள். ஓசை ஏதுமின்றி, ரப்பரைத் திருகுவது போல் மெத்தென்று திரும்பினால் உடனே நிறுத்துங்கள். அங்கே மரை கழலவில்லை. போல்ட்டின் தண்டு முறுகிக்கொண்டிருக்கிறது. பிடியை விட்டதும் ஸ்பானர் பழைய இடத்திற்கே திரும்பி வந்தால் போல்ட்டுக்கு இன்னும் உயிர் இருக்கிறது. திரும்பி வராவிட்டால் ஒடியும் தருவாயில் உள்ளது. இரு நிலையிலும் பலத்தைக் கூட்டாமல் எண்ணெய்க்கும் சூட்டிற்கும் திரும்பிச் செல்ல வேண்டும்.

நட்டு அசைந்துவிட்டது என்பதற்காக ஒரே மூச்சில் கழற்றிவிடக் கூடாது. கால் சுற்று கழற்றி, அரைக்கால் சுற்று திரும்ப இறுக்கி, எண்ணெய் விட்டு, மீண்டும் கால் சுற்று என முன்னும் பின்னுமாக வர வேண்டும். துருத்தூள் எண்ணெயோடு வெளியே வந்துவிடும். இல்லாவிட்டால் பாதி வழியில் மீண்டும் இறுகும்.

ஸ்பானரில் நீண்ட குழாய் மாட்டித் திருப்பும் வழக்கம் பரவலாக உள்ளது. இதில் உள்ள ஆபத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள். 8 மி.மீ. விட்டமுள்ள நல்ல போல்ட்டை இறுக்க வேண்டிய முறுக்கு சுமார் 2.5 கிலோகிராம்-மீட்டர். 90 சென்டிமீட்டர் குழாயின் நுனியில் 20 கிலோ பலம் கொடுத்தால் 18 கிலோகிராம்-மீட்டர் முறுக்கு ஏற்படும். இது தேவையைப் போல் ஏழு மடங்கு. போல்ட்டு ஒடிவதை உங்கள் கை உணரும் முன்பே அது ஒடிந்திருக்கும். குழாயைச் சக்கர நட்டு போன்ற பெரிய நட்டுகளுக்கு மட்டும் பயன்படுத்துங்கள்.

சிலிண்டர் ஹெட்டின் நட்டுகளைக் கழற்றும்போது எஞ்சின் நன்கு ஆறியிருக்க வேண்டும். வெளி ஓரத்தில் தொடங்கி நடுப்பகுதியை நோக்கி, ஒவ்வொன்றிலும் கால் சுற்று வீதம் தளர்த்தி வாருங்கள். ஒரு பக்கத்தை மட்டும் முழுதும் கழற்றினால் ஹெட்டு வளைந்துவிடக்கூடும்.

சூடாக்குதல்

எண்ணெயால் விடாத மரையைச் சூடு விடுவிக்கும். சூட்டில் உலோகம் விரிவடைகிறது. 12 மி.மீ. எஃகு நட்டு, உள்ளே இருக்கும் ஸ்டட்டைவிட 200 டிகிரி சென்டிகிரேடு அதிகமாகச் சூடானால், அதன் துளை ஏறத்தாழ 0.03 மி.மீ. விரிகிறது. கண்ணுக்குத் தெரியாத இந்த அளவே துருவின் பிடியை விடுவிக்கப் போதுமானது. எனவே வெளியே உள்ள நட்டையே விரைவாகச் சூடாக்க வேண்டும். ஸ்டட்டைச் சூடாக்கக் கூடாது. எஃகைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு அலுமினியம் விரிவடைவதால், அலுமினிய மூடியில் இறுகிய எஃகு போல்ட்டிற்கு மூடியை மிதமாகச் சூடாக்கினாலே போதும். கொதிக்கும் வெந்நீரை ஊற்றுவதே பாதுகாப்பான வழி. அலுமினியம் சூட்டில் சிவக்காமலேயே உருகிவிடும் என்பதால் அதன் மீது தீச்சுடரைக் காட்ட வேண்டாம்.

புகைக் குழாய் நட்டுகளுக்கு ஊதுவிளக்கின் சுடரைப் பயன்படுத்தலாம். சூடான நட்டின் விளிம்பில் மெழுகுவர்த்தியைத் தொட்டால், மெழுகு உருகி மரைக்குள் இழுக்கப்படும். சூடு சற்றுத் தணிந்ததும் ஸ்பானரால் முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். ஒரு முறையில் வராவிட்டால் மூன்று நான்கு முறை சூடாக்கி ஆறவிடுங்கள். சூடான வார்ப்பிரும்பின் மீது தண்ணீர் ஊற்றினால் அது விரிசல் விடும்.

தீயைக் கையாளும்போது கீழ்க்கண்டவற்றைக் கட்டாயம் கடைப்பிடிக்க வேண்டும்.

• எரிபொருள் தொட்டியையும் எண்ணெய்க் குழாய்களையும் கழற்றி அப்பால் வைக்கவும். கார்புரேட்டர், பெட்ரோல் பம்பு ஆகியவற்றின் அருகில் தீயே கூடாது.
• ஊறவைத்த எண்ணெயைத் துணியால் துடைத்த பின்னரே தீ வைக்கவும். துணியைத் தொலைவில் போடவும்.
• பேட்டரியின் இணைப்பைத் துண்டிக்கவும்.
• திறந்த வெளியில் வேலை செய்யவும். துத்தநாகமோ காட்மியமோ பூசிய போல்ட்டுகளைச் சூடாக்கினால் வரும் புகை நச்சுத்தன்மை உடையது.
• கண்ணாடி அணியவும். ஒரு வாளி மணலை அருகில் வைத்துக்கொள்ளவும்.

செந்நிறமாகச் சூடாக்கிய போல்ட்டும் நட்டும் தம் வலிமையை இழந்துவிடும். அவற்றை மீண்டும் பூட்டாமல் புதியவற்றைப் போட வேண்டும்.

சிறு திருகாணிகள்

கார்புரேட்டர், மூடித் தகடு போன்றவற்றில் உள்ள திருகாணிகளின் தலை எளிதில் சிதைந்துவிடும். காடியில் உள்ள அழுக்கை ஊசியால் சுரண்டி எடுத்துவிட்டு, காடியின் முழு அகலத்திற்கும் பொருந்தும் திருப்புளியை நேராக வையுங்கள். திருப்புளியின் தலையில் சுத்தியலால் இரண்டு மூன்று முறை தட்டிவிட்டு, நன்கு அழுத்தியபடி திருப்புங்கள். பின்புறம் சுத்தியலால் அடித்தால் தானே சிறிது சுழலும் அடித்திருப்புளி கடைகளில் கிடைக்கிறது. வலுவான பாகங்களில் உள்ள திருகாணிகளுக்கு இது மிகவும் ஏற்றது. கார்புரேட்டர் போன்ற மெல்லிய பாகங்களைக் கழற்றி வெந்நீரில் சற்று வைத்த பின் முயல்வது நல்லது.

மழுங்கிய நட்டும் ஒடிந்த ஸ்டட்டும்

மூலை மழுங்கிய நட்டின் இரு எதிர்ப்பக்கங்களை அரத்தால் ராவி, ஓர் அளவு சிறிய ஸ்பானர் பொருந்துமாறு செய்யலாம். அதுவும் இயலாவிட்டால், நட்டின் ஒரு பக்கத்தை ரம்பத் தகட்டினால் மரையைத் தொடும் அளவிற்கு மட்டும் அறுத்து, உளியால் பிளந்து எடுத்துவிடுங்கள். நட்டு மலிவானது, அதற்காக ஸ்டட்டை இழக்க வேண்டியதில்லை.

ஸ்டட்டு ஒடிந்து சிறிதளவு வெளியே நீட்டியிருந்தால், அதன் மேல் ஒரு புதிய நட்டை வைத்து வெல்டிங் செய்து திருப்பலாம். வெல்டிங் சூடே ஸ்டட்டின் பிடியைத் தளர்த்தும். வாகனத்திலேயே வைத்து வெல்டிங் செய்வதாயின் பேட்டரி, ஆல்டர்னேட்டர் ஒயர்களைக் கழற்றிவிட வேண்டும்.

ஸ்டட்டு உள்ளேயே ஒடிந்துவிட்டால் சரிநடுவில் புள்ளி குத்தி, சிறிய துளையிட்டு, இடப்புறம் திருகும் பிடுங்கியை விட்டு எடுப்பது வழக்கம். துளை நடுவில் அமையாவிட்டால் எஞ்சின் உடம்பின் மரை கெடும். பிடுங்கி மிகக் கடினமான எஃகினால் ஆனது. அது உள்ளே ஒடிந்தால் சாதாரண டிரில் அதனைத் துளைக்காது. மின்பொறியால் அரித்தெடுக்கும் எந்திரம் தேவைப்படும். ஆகவே பழக்கமில்லாதவர்கள் இந்தக் கட்டத்தில் நிறுத்திக்கொண்டு, நல்ல லேத்துப் பட்டறையை நாடுவதே சிக்கனம். திருவள்ளூர் மாவட்ட உழவர்களுக்கு கொரட்டூர், பாடி, அம்பத்தூர் பகுதிப் பட்டறைகள் அருகிலேயே உள்ளன. அலங்கோலமாகத் துளையிட்ட பின் கொண்டு செல்வதைவிட, ஒடிந்தபடியே கொண்டு சென்றால் கூலி குறையும்.

உதிரி பாகங்களின் துரு

கழற்றிய இரும்புப் பாகங்களைச் சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகு ஒரு பங்கு, தண்ணீர் ஒன்பது பங்கு கலந்த கரைசலில் ஒன்று அல்லது இரண்டு வாரம் மூழ்க வைத்தால் துரு நீங்கும். அலுமினியம், துத்தநாகக் கலவைப் பாகங்களை இதில் போடக் கூடாது. வெளியே எடுத்ததும் கழுவி, உலர்த்தி, உடனே எண்ணெய் பூச வேண்டும்.

வெள்ளத்தில் மூழ்கிய எஞ்சின்

மூழ்கிய எஞ்சினை உடனே இயக்கிப் பார்க்கக் கூடாது. சிலிண்டருக்குள் நீர் இருந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். ஸ்பார்க் பிளக்கையோ இஞ்செக்டரையோ கழற்றி, கையால் மெதுவாகச் சுற்றி நீரை வெளியேற்றுங்கள். எஞ்சின் எண்ணெய் முழுவதையும் மாற்றி, சிலிண்டருக்குள் சிறிது எண்ணெய் விட்டு மீண்டும் சுற்றி வையுங்கள். வெளியே தெரியும் எல்லா மரைகளிலும் அந்த வாரத்திலேயே எண்ணெய் விட்டால், அடுத்த ஆண்டு அவற்றோடு போராட வேண்டியிருக்காது.

மீண்டும் பூட்டும்போது

அடுத்த முறை எளிதாகக் கழல்வது இன்று பூட்டும் முறையைப் பொறுத்தது. மரை வெட்டும் டேப்பினால் துளைகளைச் சுத்தம் செய்யுங்கள். அடி மூடிய துளைக்குள் எண்ணெயோ நீரோ தேங்கியிருந்தால், போல்ட்டு இறங்கும்போது அழுத்தம் தாளாமல் எஞ்சின் உடம்பு விரிசல் விடும். எனவே துணியால் ஒற்றி உலர்த்த வேண்டும்.

போல்ட்டின் தலையில் உள்ள எண்ணைக் கவனித்து, அதே தரத்தில் வாங்குங்கள். 8.8 என்றிருந்தால், முதல் எண் ஒரு சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 80 கிலோ இழுவிசை தாங்கும் என்பதையும், அடுத்த எண் அதில் 80 விழுக்காடு வரை நிலையாக நீளாது என்பதையும் குறிக்கும். 10.9 அதைவிட வலிமையானது. எண் பொறிக்காத மலிவு போல்ட்டுகளை எஞ்சினில் பூட்டக் கூடாது.

சூடாகும் இடங்களில் செம்புத்தூள் கிரீஸும், மற்ற இடங்களில் கிராபைட் கிரீஸும் மெல்லிதாகப் பூசுங்கள். கிரீஸ் பூசிய மரை எளிதாக ஓடுவதால், உலர்ந்த மரைக்குக் குறிப்பிட்ட முறுக்கைவிடச் சற்றுக் குறைத்தே இறுக்க வேண்டும். சிலிண்டர் ஹெட்டு நட்டுகளுக்கு மட்டும் உற்பத்தியாளர் கையேட்டில் உள்ளபடியே செய்யவும். இவற்றை நடுவிலிருந்து வெளிப்புறம் நோக்கி, இரண்டு மூன்று சுற்றில், முறுக்கு அளக்கும் ஸ்பானரால் இறுக்க வேண்டும்.

நினைவில் கொள்க

1. வேலைக்கு மூன்று நாள் முன்பே எண்ணெய் விடத் தொடங்குங்கள்.
2. பொருந்தாத ஸ்பானரை மாட்டாதீர்கள்.
3. தட்டிய பின் திருப்புங்கள். முதலில் சிறிது இறுக்கிப் பாருங்கள்.
4. மெத்தென்று திரும்பினால் நிறுத்துங்கள்.
5. நட்டைச் சூடாக்குங்கள், எரிபொருளை அகற்றிய பின் மட்டும்.
6. கால் சுற்று முன்னே, அரைக்கால் சுற்று பின்னே.
7. கிரீஸ் பூசிப் பூட்டுங்கள்.

பாசனப் பருவம் தொடங்கும் முன், கோடை ஓய்வு நாட்களில் உங்கள் எஞ்சினின் நட்டுகளை ஒருமுறை தளர்த்தி, கிரீஸ் பூசிப் பூட்டி வைப்பது நல்லது. சிலிண்டர் ஹெட்டை மட்டும் தேவையின்றித் தொட வேண்டாம். ஓய்வு நாளில் செலவிடும் ஒரு பொழுது, பயிர் வாடும் நாளில் நான்கு நாள் தாமதத்தைத் தவிர்க்கும்.